பை தூக்குகிறவரின் முதல் அபிப்பிராயம்

கோல்ஃப் ஆடுகிறவர்கள் புதிதாக ஒரு வெட்ஜ் வாங்கி முதல் நாள் ஆடிவிட்டு வந்தால், அவர்கள் பேச்சு ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் போகும். முதலில் தோற்றம்: பந்துக்குப் பின்னால் தரையில் வைத்துப் பார்க்கும்போது தலை பெரியதாகத் தெரிகிறதா, சின்னதாகத் தெரிகிறதா, வெயிலில் கண் கூசுகிறதா. அடுத்து சத்தம்: பந்தில் படும்போது 'டிக்' என்று கேட்கிறதா, 'தப்' என்று அமுங்குகிறதா. பிறகு கையில் ஏறுகிற அதிர்வு. பிறகு, பந்து கிரீனில் விழுந்து ஒரு தத்து தத்தி நின்றதா, ஓடிப் போய்விட்டதா. கடைசியில், கொடுத்த காசுக்குத் தகுமா. பத்திரிகைகளிலும் வீடியோக்களிலும் வருகிற மதிப்புரைகளுக்கும் இதே வரிசைதான்.

இந்தப் பக்கத்தில் கோல்ஃபுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்தப் புல்வெளியில் நம்முடைய ஆட்கள் இருக்கிறார்கள். புல் வெட்டுகிறார்கள், தண்ணீர் விடுகிறார்கள், பை தூக்குகிறார்கள். என் தாய்மாமா அவர்களில் ஒருவர். செங்கம் பக்கத்தில் உள்ள எங்கள் காலனியிலிருந்து கட்டட வேலைக்கென்று பெங்களூருக்குப் போனவர். உடன் போன ஒருவர் மூலமாக ஒரு கோல்ஃப் கிளப்பின் பின்வாசலில் போய் நின்றார். 20 வருஷத்துக்கு மேலாக அங்கே கேடியாக இருக்கிறார்.

'கேடி' என்ற சொல் எங்கள் வீட்டில் பல வருஷம் சிரிப்புக்கு இடமாக இருந்தது. நம் ஊரில் கேடி என்றால் போலீஸ் பட்டியலில் பெயர் இருக்கிறவன். "உன் தம்பி இன்னா பண்றான்?" என்று யாராவது கேட்டால், "பெங்களூர்ல கேடியா கீறான்" என்று பாட்டி சொல்ல, கேட்டவர் ஒரு அடி பின்னால் போவார். மாமா எனக்குச் சொல்லிக் கொடுத்தது, "பை தூக்கறவர்னு சொல்லிடு பாப்பா, வம்பே இல்ல." அதையே இங்கேயும் வைத்துக்கொள்கிறேன்.

கோல்ஃப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஒருவர் ஒரு ஆட்டத்துக்கு 14 மட்டைக்கு மேல் எடுத்துப் போகக்கூடாது. 1938இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு பிரிட்டனிலும் வந்த விதி அது. தூரமாக அடிப்பதற்கு நீண்ட மட்டைகள். குழிக்கு நூறு கஜத்துக்குள் வந்துவிட்டால் வெட்ஜ். அதன் முகம் மற்ற மட்டைகளைவிட அதிகமாக வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். பிட்சிங் வெட்ஜ் என்றால் சுமார் 45 டிகிரி, மணலிலிருந்து எடுக்கிற சாண்ட் வெட்ஜ் 54லிருந்து 56, பந்தை நெட்டுக்குத்தாகத் தூக்குகிற லாப் வெட்ஜ் 60 டிகிரி பக்கம். முகத்தில் குறுக்காகக் கோடு கோடாகப் பள்ளங்கள் உண்டு. அதற்குப் பெயர் குரூவ். பந்தைக் கவ்விப் பின்பக்கமாகச் சுழலவிடுவது அதன் வேலை. அந்தச் சுழற்சி இருந்தால்தான் பந்து விழுந்த இடத்தில் நிற்கும். தலையின் அடிப்பாகத்தில் ஒரு புடைப்பு இருக்கும். அதை பவுன்ஸ் என்கிறார்கள். மட்டை மண்ணுக்குள் புதைந்துவிடாமல் வழுக்கிக்கொண்டு போவதற்காக அது.

புது வெட்ஜுக்கும் பழையதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்தப் பள்ளங்களின் விளிம்பில்தான் இருக்கிறது. புதிதில் கூர்மையாக இருக்கும், மணலிலும் மண்ணிலும் அடிக்க அடிக்க மழுங்கும். இந்தக் கூர்மைக்கே ஒரு வரம்பு வைத்து 2010இல் உலகப் போட்டிகளில் விதி கொண்டுவந்தார்கள். அந்த அளவுக்கு அதன் மேல் கண்.

பெயர் பெற்ற கம்பெனி வெட்ஜ் ஒன்று இங்கே பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். பலர் மூன்று வைத்திருப்பார்கள். தமிழ்நாட்டில் 2025-26க்கு நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 336 ரூபாய். விலையைப் பத்தாயிரம் என்று குறைத்தே வைத்தாலும், ஒரு வெட்ஜுக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் கிட்டத்தட்ட 30 நாள் மண் வெட்ட வேண்டும்.

இந்த விலையுள்ள பொருளை அதிக நேரம் கையில் வைத்திருப்பது யார்? உறையைப் பிரிப்பவர் மெம்பர். ஒரு அடி அடித்ததும் அது மாமா கைக்கு வந்துவிடும். ஈரத்துணியால் துடைப்பார். மரத்தால் ஆன சின்ன டீ குச்சியின் கூர்முனையால் ஒவ்வொரு பள்ளமாகக் கீறி மண்ணை எடுப்பார். காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்துப் பைக்குள் வைப்பார். மெம்பரின் கையில் அது இருப்பது ஒரு அடிக்குச் சில விநாடி. மீதி நேரம் மாமாவின் கையிலும் தோளிலும். தூரம் எவ்வளவு மாமா என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு சுத்து நடந்தா நம்ம கிரிவலத்துல பாதிக்கு மேல வரும். என்ன, முதுகுல பை இருக்கும், வழியில அன்னதானம் இருக்காது" என்றார்.

இதனால் அவருக்கு வெட்ஜைப் பற்றித் தெரிந்தது கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை சொன்னார்:

"புது வெட்ஜு பந்து தோல உரிச்சிடும் பாப்பா. பள்ளத்துல வெள்ளையா மாவு மாதிரி ஒட்டும். அந்த மாவு வர்ற வரைக்கும் பந்து சொன்ன எடத்துல நிக்கும். தினம் ஆடற ஆளுன்னா கொஞ்ச மாசத்துல மாவு நின்னுடும். அப்பவே எனக்குத் தெரிஞ்சிடும். சாருக்குத் தெரியாது. பந்து ஓடும்போது தூரத்தத் தப்பா சொல்லிட்டேன்னு என்னத் திட்டுவாரு."

பந்து கொடிக்குப் பக்கத்தில் நின்றால் "நான் அடிச்சேன்". மணலில் விழுந்தால் "நீ சொன்னே". எல்லா மெம்பரும் இப்படி இல்லை என்று மாமா ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்வார். நல்லவர்களின் பட்டியலும் அவரிடம் இருக்கிறது. ஆனால் நல்லவரிடம்கூட வேலை ஒன்றுதான், மாமா நிற்கிற இடமும் ஒன்றுதான்.

ஒரு மார்ச் மாதம். மண் காய்ந்து கல்லாகக் கிடக்கிறது. ஒரு மெம்பர் பவுன்ஸ் அதிகமுள்ள புது வெட்ஜோடு வந்தார். இறுகிய தரையில் அந்தப் புடைப்பு பட்டுத் தெறித்து, மட்டையின் விளிம்பு பந்தின் வயிற்றில் போய் இடித்தது. பந்து தரையோடு தரையாகப் பறந்தது. நான்கு முறை இப்படி. மாமா மெதுவாக, "சார், இது மழைக்கால மண்ணுக்கும் மணலுக்கும் நல்லா வரும். இந்தத் தரைக்குப் பழசையே எடுங்க" என்று சொன்னார். சார் ஒன்றும் பேசாமல் பழையதை எடுத்தார். அடுத்த வாரம் அதே சார் மூன்று நண்பர்களோடு ஆட வந்தபோது புது வெட்ஜைப் பற்றிக் கேட்டார்கள். ஈர மண்ணுக்கும் மணலுக்கும் நன்றாக இருக்கும், காய்ந்த தரைக்குச் சரிப்படாது, இது என் முதல் அபிப்பிராயம் என்றார். மூன்றடி பின்னால் பையோடு மாமா நின்றுகொண்டிருந்தார்.

"கோவம் வரலையா மாமா?"

"நான் சொன்னதத்தான சொன்னாரு. சரியாத்தான் சொன்னாரு."

நான் சமூகவியல் படித்தவள். இரண்டு வருஷம் வகுப்பில் உட்கார்ந்து அறிவு யாருடையது, உழைப்பு யாருடையது என்று விவாதித்திருக்கிறேன். சாதி தொழிலைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, தொழில் செய்கிறவர்களையே மேல் கீழாக அடுக்கி வைக்கிறது என்று அம்பேத்கர் 1936லேயே விளக்கியதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த அடுக்கில் கீழே இருப்பவரின் அறிவு மேலே போகும்போது பெயர் உதிர்ந்து போகிறது என்பதை, மாமாவின் அந்த 'சரியாத்தான் சொன்னாரு' எனக்கு இன்னும் சுருக்கமாகச் சொன்னது.

கருவியை எடைபோடுவது படித்தவர்களுக்கு மட்டும் உரிய கலை என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கத்து ஏரி வேலைக்கு வந்து பார்க்கலாம். நூறு நாள் வேலையில் பெண்கள் அவரவர் மண்வெட்டியைக் கொண்டுவருவதை நான் வேலை பார்க்கிற ஊர்களில் பார்க்கிறேன். யாராவது புது மண்வெட்டி வாங்கிவந்தால் அன்றைக்கு அது கை மாறிக்கொண்டே இருக்கும். ஒருத்தி காம்பைக் கையில் ஏந்திப் பாரம் பார்ப்பாள். ஒருத்தி தகட்டைக் கல்லில் தட்டிச் சத்தம் கேட்பாள். ஒருத்தி நாலு கொத்து கொத்திவிட்டு, "குத்துது" என்பாள். சாய்வு அதிகமாகி மண்ணில் ஆழமாக இறங்குகிறது என்று பொருள். இன்னொரு மண்வெட்டி "வழுக்குது". சாய்வு குறைந்து மேலாகப் போகிறது. கொல்லரிடம் கொடுத்துக் காய்ச்சித் தட்டிச் சாய்வை மாற்றிக்கொள்வார்கள். கோல்ஃப் மதிப்புரைகளில் பவுன்ஸ் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவது இந்த இரண்டு சொல்லைத்தான். வெட்ஜுக்கும் இப்படிச் சாய்வை வளைத்துக் கொடுக்கிற பட்டறைகள் உண்டு. மாமாவுக்கு இந்த விளையாட்டு சீக்கிரம் பிடிபட்டதற்குக் காரணம் கேட்டால், "சின்ன வயசுல மம்புட்டி புடிச்ச கை" என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைய சாண்ட் வெட்ஜுக்கு வடிவம் கொடுத்தவரே ஒரு பை தூக்கியவர். ஜீன் சாரஸன், 1902இல் பிறந்தவர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஒரு தச்சரின் மகன். சிறுவயதிலேயே பணக்காரர்களின் மைதானத்தில் பை தூக்கப் போனார். அந்தக் காலத்தில் மணலில் விழுந்த பந்தை எடுப்பது பெரும் பாடு. மெல்லிய விளிம்புள்ள மட்டை மணலுக்குள் புதைந்துகொள்ளும். விமானம் ஓட்டப் பழகியபோது, வால்பகுதியின் தகடு அசைந்ததும் விமானம் மேலே எழும்புவதைக் கவனித்து, மட்டையின் அடியில் அப்படி ஒரு புடைப்பு வைத்தால் என்ன என்று யோசித்ததாக அவர் சொல்லியிருக்கிறார். ஈயத்தை உருக்கி மட்டையின் அடியில் பற்றவைத்து, ராவி, அடித்துப் பார்த்து, மறுபடி ராவினார். 1932இல் இங்கிலாந்தில் நடந்த பிரிட்டிஷ் ஓபனுக்கு அதை எடுத்துப் போனார். அதிகாரிகள் பார்த்தால் தடை செய்துவிடுவார்களோ என்று பைக்குள் தலைகீழாக மறைத்து வைத்ததாகவும் அவரே கதை சொல்லியிருக்கிறார். அந்தப் போட்டியை அவர் வென்றார். இன்றைக்கு எந்தக் கம்பெனியின் பெயர் பொறித்த சாண்ட் வெட்ஜை வாங்கினாலும் அதன் அடியில் இருப்பது அந்த ஈயப் புடைப்பின் வாரிசுதான்.

இந்தியாவிலும் பையிலிருந்து மட்டைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓபனை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். பெங்களூரில் கேடியாகத் தொடங்கிய சி. முனியப்பா 2009இல் அதே பட்டத்தை வென்றார். கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829இல் தொடங்கியது, பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே பழையது. அங்கே புல்தரையைப் பராமரித்த ஒருவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. 2008இல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ், பிறகு 2016இலும் 2017இலும் அடுத்தடுத்து இந்தியன் ஓபன். கிரீனைச் சுற்றி வெட்ஜால் அவர் செய்கிற வேலையைப் பார்த்து, அவர் பெயரையே மாற்றி 'சிப்புட்சியா' என்று கூப்பிட்டார்கள். சிப், புட் இரண்டிலும் அவ்வளவு கெட்டிக்காரர்.

இவர்களின் சாதியைத் தேடி எழுதுவது என் நோக்கமில்லை. மூவரும் விளையாட்டுக்குள் நுழைந்த வாசலைத்தான் பார்க்கிறேன். அது பின்வாசல். இரவல் மட்டை, தேய்ந்த மட்டை, கிளப்புக்கு விடுமுறையான திங்கட்கிழமை. இப்படிக் கிடைத்ததில் பழகினவர்களுக்கு வெட்ஜ் நன்றாக வருவதில் ஆச்சரியமில்லை. தூரமாக அடித்துப் பழகப் பெரிய மைதானம் வேண்டும். பந்தைத் தூக்கி நாலு அடியில் நிறுத்திப் பழகக் குடிசைக்குப் பின்னால் உள்ள இடம் போதும்.

திறமை வந்துவிட்டால் வாசல் தானாகத் திறந்துவிடும் என்பவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் பப்வா சீவ்கோலம் கதையைச் சொல்ல வேண்டும். டர்பனில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர், பை தூக்கியவர். மரக்கிளையைச் செதுக்கி மட்டை செய்து ஆடிப் பழகினார். எல்லோரும் பிடிப்பதற்கு நேர்மாறாக, கை மாற்றிப் பிடிப்பார். 1959இல் ஐரோப்பா போய் டச்சு ஓபனை வென்றார். பிறகு 1960இலும் 1964இலும் வென்றார். சொந்த ஊரில் 1963இல் நேட்டால் ஓபனை வென்றபோது, நிறவெறிச் சட்டப்படி கிளப் கட்டடத்துக்குள் அவருக்கு அனுமதி இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் உள்ளே இருக்க, வெளியே நனைந்தபடி கோப்பையை வாங்கினார். 1965இல் கேரி பிளேயரையே தோற்கடித்து அதே பட்டத்தை மறுபடியும் வென்றார். அதன் பிறகு அரசாங்கம் அவரைப் போட்டிகளில் ஆடவிடாமல் தடுத்தது. 1978இல் வறுமையில் இறந்தார்.

அமெரிக்காவில் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் வெள்ளையர் மட்டுமே உறுப்பினர் ஆகலாம் என்ற வரி 1961 வரை இருந்தது. புகழ்பெற்ற மாஸ்டர்ஸ் போட்டியில் முதல் கறுப்பின ஆட்டக்காரராக லீ எல்டர் கால் வைத்தது 1975இல். அதே மைதானத்தில் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே கறுப்பினத்தவர்கள் பை தூக்கிக்கொண்டிருந்தார்கள். எந்தச் சரிவில் பந்து எப்படித் திரும்பும் என்று வெள்ளைக்கார வீரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

நம் நாட்டுக் கதை இதற்கெல்லாம் முந்தியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புனேயில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் மைதானத்தைப் பராமரிக்கிற வேலையில் இருந்தார் பல்வங்கர் பாலு. தோல் தொழில் செய்யும் தலித் சாதியில் பிறந்தவர். பிட்சை உருட்டுவார், வலை கட்டுவார், பயிற்சிக்கு மணிக்கணக்காகப் பந்து வீசுவார். அவ்வளவு வீசியும் ஒருமுறைகூட அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. பிறகு இந்துக்களின் அணிக்காக ஆடியபோது, மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பையில் தேநீர், அவருக்கு வெளியே மண் குவளையில். 1911இல் இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த கை அது.

மட்டையைத் தொடுவதும் வாசலைத் தாண்டுவதும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கங்கள் என்பதை எங்கள் மாவட்டத்து ஆட்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. திருவண்ணாமலைக்கு எங்கிருந்தெல்லாமோ லட்சக்கணக்கான பேர் வந்து மலையைச் சுற்றுகிறார்கள். தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில் சொந்த ஊர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் காலடி வைக்க, சுமார் 80 ஆண்டுகள் கழித்து, 2023 ஜனவரி 30 வர வேண்டியிருந்தது. கலெக்டரும் போலீஸும் கூட நிற்க வேண்டியிருந்தது. கோயிலுக்குத் தேவையான வேலையைச் செய்யலாம், உள்ளே வரக்கூடாது. கிளப்புக்குத் தேவையான பையைத் தூக்கலாம், முன்வாசலில் வரக்கூடாது. மாமாவின் கிளப்பில் சாதி கேட்பதில்லை என்று அவரே சொல்கிறார். கேட்க வேண்டியதில்லை. முன்வாசல் யாருக்கு, பின்வாசல் யாருக்கு என்பது கட்டணத்தாலும் சட்டையின் மேல் குத்திய நம்பர் வில்லையாலும் முடிந்துபோகிறது.

பழைய வெட்ஜ்கள் பின்வாசல் வழியாக வரும். பள்ளம் மழுங்கியதும் மெம்பர்கள் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அப்படி வந்த ஒன்று மாமாவிடம் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கிளப் மூடியது. ஆட்டம் நடந்தால்தான் கூலி என்பதால் வருமானமும் அன்றோடு நின்றது. பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை. மாமா ஊருக்கு வந்தபோது ஒரு துணிமூட்டையும் அந்தத் துருப்பிடித்த வெட்ஜும் கொண்டுவந்தார். காய்ந்த ஏரியில் காலனிப் பிள்ளைகளுக்கு அடித்துக் காட்டுவார். "இது களைக்கொத்தா மாமா?" என்று கேட்டான் ஒருவன். அவனே பத்து நாளில் பந்தைக் கருவேல மரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிட்டான். அந்தப் பையனிடம் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள எங்கள் மாவட்டத்தில் வழி இல்லை.

மாமா புது வெட்ஜால் அடித்தது வாழ்க்கையில் மூன்றே அடி. வயதான ஒரு மெம்பர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், புதிதாக வாங்கியதை நீட்டி, "நீயே அடிச்சுப் பார்த்துச் சொல்லுப்பா, உனக்குத்தான் தெரியும்" என்றாராம். பயிற்சி இடத்தில் ஆள் குறைவாக இருந்த நேரம். அந்த மூன்று அடியைப் பற்றி மாமா சொன்னதை அன்றே நோட்டில் எழுதி வைத்தேன். ஒரு வெட்ஜைப் பற்றிய மதிப்புரையாகவே அதைப் படியுங்கள்:

"பாக்க அழகா இருந்துச்சி. பளபளப்பு இல்ல, அதான் நல்லது, வெயில்ல கண்ணு கூசல. கீழ வெச்சா முன் விளிம்பு தரையோட ஒட்டி உக்காந்துச்சி. என் பழசு ஒரு பக்கம் தேஞ்சி போயி லேசா திரும்பிக்கும். இது நேரா பாத்துச்சி.

மொத அடி பயத்துல அடிச்சன். மண்ணுல பட்டுடுச்சி, பந்து பாதி தூரம். ஆனா மட்டை மாட்டிக்கல, வழுக்கிட்டு வெளிய வந்துடுச்சி. என் பழசா இருந்தா மணிக்கட்டு போயிருக்கும்.

ரெண்டாவது அடி, கையில ஒண்ணுமே தெரியல பாப்பா. பழசுல அடிச்சா முழங்கை வரைக்கும் ஜிவ்வுனு ஏறும். இதுல பந்து போனதே தெரியல. நிமுந்து பாத்தா கொடிக்கு மேல எறங்குது. ஒரு தத்து. நின்னுடுச்சி.

மூணாவது அடி வேணும்னே கொஞ்சம் மொகத்தத் தெறந்து வெச்சி அடிச்சன். விழுந்து ரெண்டு முழம் பின்னால வந்துச்சி. பின்னால வரவெச்சது நான். இருவது வருசமா அடுத்தவங்களுக்குப் பின்னால வரவெச்சிக் குடுத்துட்டு இருந்தன், அன்னைக்கி எனக்கு வந்துச்சி.

கொறை ஒண்ணு இருக்குது. புடி கொஞ்சம் தடி, சாருக்கு வெரல் சின்னது. மாத்தச் சொன்னன். மாத்துனாரு."

நான் படித்துப் பார்த்த மதிப்புரைகளில் சொல்லப்படுகிற எல்லாமே இதில் இருக்கிறது: தோற்றம், தரையோடு உறவு, அதிர்வு, சுழற்சி, பிடி. வாங்குகிறவருக்கு உபயோகமான யோசனையும் இருக்கிறது. நான்காவது அடிக்குள் மேற்பார்வையாளர் வந்துவிட்டார். கேடிகள் மெம்பரின் மட்டையைத் தொட்டு ஆடக்கூடாது என்று சத்தம் போட்டார். நான்தான் கொடுத்தேன் என்று பெரியவர் சொன்னதால் மாமாவுக்கு அபராதம் இல்லை. மறுநாள் பின்வாசலில் அதே விதியைப் புதிதாக எழுதி ஒட்டினார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் சிலர் இருக்கலாம். படித்து, வேலைக்குப் போய், நல்ல நிலைக்கு வந்து, கம்பெனி மூலம் கிளப்புக்குள் போன நம்முடைய பிள்ளைகளும் இருக்கிறார்கள். உங்களிடம் சில விஷயங்கள் கேட்கிறேன். உங்கள் பையைத் தூக்குகிறவரை நம்பர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், பெயரைக் கேளுங்கள், வயதுக்கு ஏற்ற மரியாதையோடு கூப்பிடுங்கள். புதிதாக ஒரு வெட்ஜ் வாங்கினால் அவர் கையில் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள், அவர் சொல்வதை அவர் பெயரோடு மற்றவர்களிடம் சொல்லுங்கள். விதி இடம் கொடுக்கவில்லை என்றால் கிளப்பின் பொதுக்குழுவில் அந்த விதியைப் பற்றிப் பேசுங்கள். அங்கே பேச உங்களுக்கு ஓட்டு இருக்கிறது, மாமாவுக்கு இல்லை. ஆட்டத்துக்குக் கூலி என்பதை மாற்றி மாதச் சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கேட்கிற கேடிகள் பக்கம் நில்லுங்கள். வாரத்தில் ஒரு காலையாவது பயிற்சி இடத்தை அவர்களின் பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள். பழைய மட்டை கொடுக்கிற தர்மம் வேண்டாம். பிள்ளைகள் பழகும்போதே பள்ளம் மழுங்காத மட்டை கையில் இருக்கட்டும்.

மாமாவுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. இடது தோள் இறங்கிப்போயிருக்கிறது. ஏரியில் பந்து அடித்த அந்தப் பையன் இந்த வருஷம் பத்தாவது எழுதுகிறான். லீவில் பெங்களூருக்கு வரேன் மாமா, பை தூக்கறேன் என்று கேட்டிருக்கிறான். மாமா அவனுக்குச் சொன்ன பதில்: "தூக்க வராத. ஆட வர்றதா இருந்தா வா, நான் கேட்டுப் பாக்கறன்." யாரிடம் கேட்கலாம் என்று இரண்டு மூன்று மெம்பர்களின் பெயரை எழுதி வைத்திருக்கிறார். அந்த ராணுவப் பெரியவரின் பெயர் அதில் முதலில் இருக்கிறது.